சாரதிப் பக்கம்

புதுச் சட்டை கைக்கு வந்தால் அவர் முதலில் செய்வது ஒரு பொத்தானைப் பிடுங்குவதுதான். மேலிருந்து இரண்டாவது, நெஞ்சுக்கு நேரே இருப்பது. நூலைப் பல்லால் கடித்து அறுத்து, பொத்தானை வேலிக்கு வெளியே வீசிவிட்டுத்தான் சட்டையைப் போடுவார். தீபாவளிக்கு மகள் ஆசையாக எடுத்துக் கொடுத்த சட்டைக்கும் அதே கதிதான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்ன அங்கிள், புதுச் சட்டையின்ரை தெறியைப் பிடுங்கிறியள்?"

"வெக்கை, தம்பி."

வெளியே ஐப்பசி மழை ஊற்றிக்கொண்டிருந்தது.

முதலில் இதைப் பகிடியாகத்தான் எடுத்தேன். கண் பழகப் பழக மற்றவை தெரியத் தொடங்கின. வீட்டில் எல்லா அறைகளும் பூசி வெள்ளையடித்து வடிவாக இருக்கும். அவர் படுக்கும் அறையில் மட்டும் ஒரு சுவர் வெறுங் கல்லாக நிற்கும். விறாந்தைக் கதிரைகளில் ஒன்றுக்கு ஒரு கைப்பிடி இல்லை. அதில்தான் அவர் இருப்பார். சாப்பாட்டுக் கோப்பைகளில் விளிம்பு உடைந்தது அவருடையது. ஜீப்பிலும் அப்படித்தான். இடப்பக்கக் கதவின் கண்ணாடி வழுக்கிக்கொண்டு ஏறி இறங்கும். அவர் பக்கக் கதவில் கண்ணாடி சுற்றும் பிடியே கிடையாது. மழையென்றால் ஒரு சாக்கை மடித்துச் செருகுவார்.

ஊர் அவருக்கு 'அரைகுறையர்' என்று பட்டம் வைத்திருந்தது. அவருக்கும் அது தெரியும். "அரைகுறையர் வீடு எது?" என்று வெளியூர்க்காரர் ஒருவர் அவரிடமே வழி கேட்டபோது, "நேரை போய் இடக்கைப் பக்கம் திரும்புங்கோ. ஆனால் ஆள் வீட்டிலை இல்லை, றோட்டிலை நிண்டு கதைச்சுக்கொண்டு நிக்கிறார்" என்றாராம்.

நான் உடுப்பிட்டிக்காரன். தொழில்நுட்பம் படித்துப் பட்டம் எடுத்துவிட்டு, ஒரு நேர்முகத் தேர்வுக்கும் அடுத்ததற்கும் இடையில் மோட்டார் சைக்கிளில் ஊர் சுற்றிக்கொண்டிருந்த நேரம் அது. பழைய நாலு சக்கர இழுவை ஜீப் என்றால் எனக்கு விசர். எங்கே ஒன்று நிற்கிறது என்று கேள்விப்பட்டாலும் போய்க் குனிந்து அடியைப் பார்ப்பேன். "உனக்குப் பொம்பிளை பாக்கிறதெண்டால் அதுக்கும் ஒரு கியர்ப் பெட்டி இருக்கோணும்" என்பா அம்மா.

அவருடைய ஜீப்பை நான் முதலில் பார்க்கவில்லை, மணந்தேன். பருத்தித்துறை மீன் சந்தையடியில், அத்தனை மீன் நாற்றத்தையும் மீறிக்கொண்டு பச்சை டீசல் மணம் வந்தது. பிறகு வெள்ளைப் புகை. பிறகு சத்தம். மூன்று சிலிண்டர்கள் ஒழுங்காக ஓட, ஒன்று மட்டும் யாரோ உள்ளே இருந்து சுத்தியலால் அடிப்பதுபோல 'டக், டக்' என்றது. எனக்குக் காது நிமிர்ந்துவிட்டது. இன்ஜெக்டர் ஒழுகுகிறது! டீசலைப் பனிபோலச் சிலிண்டருக்குள் விசிற வேண்டிய சாமான் அது. அதன் மூக்கு தேய்ந்தால் விசிறாது, தடிமன் பிடித்த பிள்ளையின் மூக்குப்போலச் சொட்டும். சொட்டுவது பாதி எரிந்து அடிக்கும். பாதி எரியாமல் புகையாகப் போகும். மிச்சம் கீழே இறங்கி எஞ்சின் எண்ணெயைத் தண்ணீராக்கும்.

வணக்கம்கூடச் சொல்லாமல் ஓடிப்போய், "அங்கிள், உங்கடை இன்ஜெக்டர் ஒண்டு ஒழுகுது" என்றேன்.

"தெரியும் தம்பி. மூண்டாவது."

"தெரிஞ்சுமோ மாத்தாமல் ஓடுறியள்?"

"மற்ற மூண்டும் மாத்தினதுதானே."

எனக்கு விளங்கவில்லை. மூடியைக் கழற்றி, குழாய்களை அவிழ்த்து, மூன்றை மாற்றிய மனிதர் நான்காவதை ஏன் விட்டார்? அதுவும் ஒழுகுகிற ஒன்றை?

"ஒண்டு கிடக்கட்டும்" என்றார். சொல்லிவிட்டு, குளிருக்கு ஒதுங்கிய நாயைத் தட்டுவதுபோல ஜீப்பின் மட்காட்டுத் தகட்டில் இரண்டு தட்டுத் தட்டினார்.

அன்றைக்கே அவர் வீடுவரை பின்னால் போனேன். குடத்தனைக்கும் அப்பால், பெரிய றோட்டிலிருந்து மணல் ஒழுங்கையால் உள்ளே போக வேண்டும். கோடையில் சில்லுப் புதையும். மாரியில் அந்த ஒழுங்கையே வாய்க்காலாகிவிடும். ஓட்டோ வராது. அம்புலன்ஸ் சந்தியோடு நின்றுவிடும். பாம்புக்கடி, பிள்ளைப்பேறு, சவப்பெட்டி எல்லாம் அவருடைய ஜீப்பில்தான் போய் வரும். முழு ஊரும் அவரை நக்கலடித்தது. முழு ஊரும் அவருடைய ஜீப்பில் ஏறியுமிருந்தது.

பிறகு நான் அடிக்கடி போனேன். என் சாவிப் பெட்டியைக் கொண்டுபோய், அங்கே இங்கே இறுக்குவேன், எண்ணெய் விடுவேன். அவர் ஸ்பனர் இரவல் கேட்பார். திருப்பித் தரும்போது துடைத்து, அளவு வாரியாக அடுக்கித் தருவார். பதினாலாம் நம்பர் மட்டும் இருக்காது.

"அங்கிள், பதினாலு எங்கை?"

"கிடக்கும் தம்பி. எங்கை போகப்போகுது?"

அது அவருடைய இருக்கைக்குக் கீழே கிடப்பதை நான் கண்டிருக்கிறேன். கேட்டால் நாளைக்கு என்பார். நாளைக்கும் நாளைக்கு என்பார். இரவல் வாங்கிய எதையும் அவர் முழுதாகத் திருப்பிக் கொடுத்ததில்லை என்று மகள் சொன்னாள். "உங்கடை ஸ்பனர் மட்டுமில்லைத் தம்பி, பக்கத்து வீட்டு மண்வெட்டிப் பிடியும் இஞ்சைதான் கிடக்கு. பிடி மட்டும்!" என்று சிரித்தாள். அப்போது அவள் நன்றாகச் சிரிப்பாள்.

காரணத்தை அவர் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். மருதங்கேணிப் பக்கம் போய்த் திரும்பும் வழியில், றோட்டை மூடிய தண்ணீர் வடிவதற்காக ஜீப்பை நிறுத்தியிருந்தோம். நான் வழக்கம்போல அந்த மூன்றாவது இன்ஜெக்டரைப் பற்றிப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன். பிஸ்டன் உருகும், எஞ்சின் கிழியும், அது இது என்று. அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி கதைக்கத் தொடங்கினார்.

"சமாதான காலத்திலை கட்டின வீடு. கடைசி ஓடும் வைச்சு, கடைசிக் கதவும் பூட்டி, குடிபூரல் செய்தனாங்கள். வந்த சனம் சுத்திச் சுத்திப் பாத்திட்டு ஒரே கதைதான் சொன்னது. 'ஒரு குறையும் இல்லை, ஒரு குறையும் இல்லை.' எனக்கும் புளுகம், சந்தோசம் தாங்கேல்லை. நானும் சொன்னனான். பிறகு நாடு குழம்பிச்சுது, திருப்பி ஷெல் விழத் தொடங்கீட்டுது. அண்டைக்கு நான் இரவல் வாங்கின ஏணியைத் திருப்பிக் குடுக்கப் போனனான். வேலை முடிஞ்சுதெல்லே? இனி ஏணி என்னத்துக்கு? ஏணியை வைச்சிட்டு வாறன், மனுசியும் பொடியனும் இருந்த பக்கம் இல்லை. பிள்ளை ரியூசனுக்குப் போனவள், அதாலை உயிரோடை கிடக்கிறாள்."

எனக்கு வாய் சும்மா இருக்காது. "அது ஷெல் அங்கிள். ஷெல்லுக்குக் குறையும் தெரியாது, நிறைவும் தெரியாது."

"ஷெல்லுக்குத் தெரியாது" என்று ஒத்துக்கொண்டார். "ஆனால் பாரும், எல்லாம் நிறைஞ்சு கிடந்தால் கண்ணிலை பட்டிடும். ஒண்டு குறையாய்க் கிடந்தால், 'உவன் ஏற்கெனவே குடுத்திட்டான்' எண்டு விட்டிட்டுப் போகும்."

"எது விட்டிட்டுப் போகும்?"

"அதுக்குப் பேர் வைக்கக்கூடாது தம்பி. எனக்கு இருக்கிறது ஒண்டே ஒண்டு. அவளை விட்டிட்டு என்னத்தை எண்டாலும் எடுக்கட்டும்."

எஞ்சினை ஸ்ராட் பண்ணினார். மூன்றாவது சிலிண்டர் 'டக், டக்' என்றது. அவர் முகம் இளகியது. நான் கோளாறாகக் கேட்ட அந்தச் சத்தம் அவருக்குக் காவல்காரன் தடி தட்டிக்கொண்டு போகும் சத்தம் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

மகளுக்குக் கலியாணமாகி, மருமகன் கட்டாரில் வேலை. அவள் வயிற்றில் பிள்ளை தங்கியதும் டீசல் மணம் அவளுக்கு ஆகாமல் போய்விட்டது. முதல் முறை கிளினிக்குக்குப் போன அன்று, ஒழுங்கை முடியுமுன்பே ஜீப்பை நிறுத்தச் சொல்லி இறங்கி, வேலிக் கதியாலைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தாள். அடுத்த முறையும் அதே. அடுத்த முறை ஏறவே மாட்டேன் என்று நின்றுவிட்டாள்.

"அப்பா, உந்தச் சனியனை மாத்துங்கோ. இல்லாட்டி நான் நடந்து போறன்."

"நடக்கிறதோ? இந்தத் தண்ணியுக்கையோ?"

"அப்ப மாத்துங்கோ."

"முகத்துக்கு ஒரு துணியைக் கட்டன் பிள்ளை."

"குடல் வாயாலை வருது, துணி கட்டட்டாம்! உங்களுக்கு நான் வேணுமோ, உந்த ஓட்டை வேணுமோ?"

விளையாட்டாய்த்தான் கேட்டாள். அவர் உள்ளே போய்விட்டார். அடுத்த நாள் காலை எனக்குத் தொலைபேசி வந்தது. "தம்பி, அந்த ஒண்டையும் மாத்திவிடும்." குரல் ஆளுடையதாகவே இருக்கவில்லை.

எனக்கோ திருவிழா! நான்கையும் கழற்றி யாழ்ப்பாணத்தில் பம்ப் திருத்தும் கடைக்குக் கொண்டு போனேன். அங்கே ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார்கள். மூன்றாவது விசிறவே இல்லை, வடித்தது. மற்ற மூன்றும்கூட மூக்கு நனையத் தொடங்கியிருந்தன. நான்கையும் புதிதாய்ப் போட்டு, நான்கையும் ஒரே அழுத்தத்தில் வைத்தால்தான் எஞ்சின் சமமாக ஓடும் என்றார்கள். அவரிடம் சொன்னேன். "பிள்ளைக்கு மணக்காமல் இருக்கோணும். அவ்வளவுதான்" என்றார்.

முற்றத்துப் பூவரச மரத்துக்குக் கீழே வேலை நடந்தது. பழைய செப்பு வளையம், வாசர் ஒன்று அடியில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. அதன் மேலேயே புதியதைப் போட்டால் காற்றுக் கசியும். சைக்கிள் கம்பி ஒன்றை வளைத்துத் தூண்டில்போல விட்டு இழுத்தேன். புதிய வாசர், புதிய இன்ஜெக்டர், குழாய்கள். பிறகு குழாய் நட்டுகளை அரை இறுக்கில் விட்டு எஞ்சினைச் சுற்றச் சொன்னேன். குமிழி குமிழியாய்க் காற்று வந்து, பிறகு சுத்தமான டீசல் பீறியது. ஒவ்வொன்றாக இறுக்க இறுக்க, எஞ்சின் பிடித்துக்கொண்டது. என்ன சொல்லுவேன்? புகை இல்லை. அடி இல்லை. நான்கும் ஒரே மூச்சில்.

மகள் வயிற்றைப் பிடித்தபடி விறாந்தையிலிருந்து இறங்கி வந்தாள். குனிந்து மணந்து பார்த்தாள்.

"மணக்கேல்லை!" என்று கைதட்டினாள். "அப்பா, இப்ப உங்கடை ஜீப்பிலை ஒரு குறையும் இல்லை!"

அவர் இருக்கையிலிருந்து எட்டி நிறுத்துகிற கம்பியை இழுத்தார். எஞ்சின் நின்றது. 

"அப்பிடிச் சொல்லாதை பிள்ளை" என்றார். "அப்பிடி ஒருநாளும் சொல்லாதை."

மறுநாள் எஞ்சின் எண்ணெய் மாற்றுவதற்காகப் போனேன். ஜீப்பின் முன்விளக்கு ஒன்று உடைந்து கிடந்தது. வலப்பக்கத்தது. கண்ணாடித் துண்டுகள் மணலில் மினுங்கின. மட்காட்டுக்கு மேல் என்னுடைய பதினாலாம் நம்பர் ஸ்பனர்.

"என்ன நடந்தது அங்கிள்?"

"பூவரசங் கொப்பொண்டு முறிஞ்சு விழுந்திட்டுது."

நிமிர்ந்து பார்த்தேன். பூவரசில் ஓர் இலைகூடக் கசங்கியிருக்கவில்லை. மகள் விறாந்தையில் நின்று என்னைப் பார்த்தாள். கண்ணால் 'விடுங்கோ' என்றாள்.

"நான் அச்சுவேலியிலை ஒரு லைற் எடுத்துக்கொண்டு வாறன்."

"வேண்டாம்."

"பொலிஸ் மறிப்பான் அங்கிள்."

"பகலிலைதானே ஓடுறன். பிள்ளைப்பேறு முடியட்டும் தம்பி, பிறகு போடுவம்."

அதற்குப் பிறகும் விடாமல் ஒரு விளக்கைக் கொண்டுபோனேன். பெட்டியோடு வாங்கி அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டார். அந்த நாட்களில் அவர் இருந்த சந்தோசத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. விசிலடித்துக்கொண்டு திரிந்தார். எனக்குத் தேத்தண்ணி அவரே போட்டுத் தந்தார். உடைந்த விளிம்புக் கோப்பையில் பிட்டைக் குழைத்துக்கொண்டு, "இம்முறை மாரி நல்லாய்ப் பெய்யும் பாரும்" என்றார்.

பெய்தது. ஒழுங்கையில் முழங்காலளவு தண்ணீர் நின்ற ஒரு விடியலில் மகளுக்குப் பிள்ளைப்பேற்று நோக் கண்டது. ஜீப் ஒரு உதறல்கூட இல்லாமல் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனதாம். மத்தியானத்துக்கு முன்பே எனக்கு அழைப்பு வந்தது.

"பொம்பிளைப் பிள்ளை தம்பி! ரெண்டு பேரும் சுகம். கை கால் எல்லாம்…" என்று வந்தவர் சட்டென நிறுத்தினார். அடுத்து வரவேண்டிய சொல் எனக்குத் தெரியும். அவர் அதை விழுங்கினார். "எல்லாம் கிடக்கு" என்றார்.

சுடுதண்ணிப் போத்தலும் பிள்ளைக்குப் பழந்துணியும் எடுக்க வீட்டுக்கு வந்திருக்கிறார். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் சரக்குத் தூளுக்காக அயல்வீட்டில் காத்திருந்ததில் நேரம் போய்விட்டது. திரும்பும்போது மைமல், இருட்டிக்கொண்டு வந்தது. மழை வேறு. பகலில்தானே ஓடுகிறேன் என்று சொன்னவர்தான். ஆனால் ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் முடிவதற்குள் போய்ச் சேர வேண்டும். ஒற்றை விளக்கைப் போட்டுக்கொண்டு பருத்தித்துறை றோட்டில் ஏறியிருக்கிறார்.

அவருடைய தொலைபேசியில் கடைசியாகக் கிடந்தது என் இலக்கம். அதனால் என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

நான் போனபோது அவரைக் கொண்டுபோய்விட்டார்கள். மணல் ஏற்றிய ரிப்பர் லொறி கொஞ்சம் தள்ளிச் சரிந்து நின்றது. அதன் பெட்டி விளிம்பு ஜீப்பின் வலப்பக்கத்தை முன்னாலிருந்து பின்வரை உரித்திருந்தது. சாரதிக் கதவு இல்லை. இருக்கை இல்லை. இடப்பக்க இருக்கையில் சுடுதண்ணிப் போத்தல் விழாமல் நேராக நின்றது. பக்கத்தில் மடித்த துணிகள். நனையக்கூட இல்லை.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. யாருக்கும் அதை நிறுத்தத் தெரியவில்லை. புகையில்லாமல், அடியில்லாமல், நான்கும் ஒரே மூச்சில். நான் கையை உள்ளே விட்டு நிறுத்துகிற கம்பியைத் தேடி இழுத்தேன்.

ரிப்பர் ஓட்டிய பொடியன் மதகுக் கட்டில் இருந்தான். என் வயதுதான் இருக்கும். வருகிறவர்கள் எல்லோரிடமும் அதையே திருப்பித் திருப்பிச் சொன்னான்.

"ஒரு லைற்தான் அண்ணை தெரிஞ்சது. அதுவும் கரையோடை. மோட்டார் சைக்கிள் எண்டுதான் நினைச்சனான். இடம் காணும் எண்டுதான் விட்டனான் அண்ணை. சத்தியமாய் மோட்டார் சைக்கிள் எண்டுதான் நினைச்சனான்."

பிள்ளை பிறந்ததும் அவர் போனதும் ஒரே நாள். அதனால் பிள்ளைக்குத் துடக்குக் கழிக்கிற முப்பத்தொன்றும் அவருடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையும் ஒரே நாளில் வந்தன. எதை முதலில் செய்வது என்று சொந்தக்காரர்கள் முற்றத்தில் நின்று சண்டை பிடித்தார்கள். சாம்பல் கரைக்கக் கீரிமலைக் கடலுக்குப் போனவர்கள் திரும்பி வந்து தலை தோய்ந்த பிறகுதான் பிள்ளையை வெளியே கொண்டுவரலாம் என்று ஒரு பகுதி. இல்லை, உயிருள்ளதுக்குத்தான் முதல் இடம் என்று மற்றப் பகுதி. மகள் விறாந்தையில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். கைப்பிடி இல்லாத கதிரையில் இருந்தாள்.

சனம் கலைந்த பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"தம்பி, அண்டைக்கு எந்தப் பக்கத்து லைற் உடைஞ்சு கிடந்தது?"

"வலப்பக்கம் அக்கா."

"அப்பாவின்ரை பக்கம்."

"ஓம்."

அவள் திரும்பி அந்தப் பூசாத சுவர் இருந்த அறையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். சட்டை, கோப்பை, கதவு, விளக்கு. ஒன்றுகூட அவள் இருக்கும் பக்கம் இருந்ததில்லை. இத்தனை நாளும் நான் குறைகளை எண்ணினேனே தவிர, அவை எந்தப் பக்கம் கிடந்தன என்று பார்க்கவே இல்லை.

ஜீப் பூவரசுக்குக் கீழே தறப்பாளால் மூடிக் கிடந்தது. எஞ்சினுக்கு ஒன்றுமில்லை. தகட்டு வேலையும் ஒரு கதவும் இருக்கையும் போதும். பழைய இரும்புக்குக் கொடுத்துவிடலாம் என்று பெரியப்பா முறையான ஒருவர் சொல்லியிருந்தார்.

"விக்கிறேல்லை" என்றாள். "மாரிக்குப் பிள்ளையைக் கொண்டு போக எனக்கு வேற வழியில்லை. நான் ஜீப் ஓடப் பழகப்போறன்."

"நான் திருத்தித் தாறன் அக்கா. அந்தப் புது லைற்றும் பெட்டியோடை கிடக்கு."

"லைற் ரெண்டும் போடுங்கோ." பிள்ளையின் கன்னத்தில் கிடந்த கரும்பொட்டை விரலால் இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினாள். பிறகு தலையை நிமிர்த்தாமலே கேட்டாள். "கழட்டின பழைய இன்ஜெக்டர் உங்களிட்டை கிடக்கோ?"

"கிடக்கு."

"அந்த மூண்டாவதைத் திருப்பிப் போட ஏலுமோ?"

எனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. பிஸ்டன், எண்ணெய், புகை. எஞ்சின் கெட்டால் மழையில் நடுவழியில் பிள்ளையோடு நிற்க வேண்டிவரும் என்பது. அவள் முகத்தைப் பார்த்தேன். என் வாய்க்கு வந்தது ஒன்றுதான்.

"மணக்குமே அக்கா."

"மணக்கட்டும்" என்றாள். "எனக்கு இனி வயித்தைப் பிரட்டாது."

எழுந்து பிள்ளையை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு அறைக்குள் போனாள். திரும்பி வரும்போது கையில் என் பதினாலாம் நம்பர் ஸ்பனர் இருந்தது. துடைத்திருந்தாள். அதை என்னிடம் நீட்டவில்லை. கதிரைக்குக் கீழே வைத்துவிட்டு, திரும்ப அந்தக் கதிரையிலேயே இருந்தாள்.

நானும் கேட்கவில்லை.